தரங்கம்பாடியில் ரூத்தின் புத்தகம்

சென்ற தவக்காலத்தில் அக்காள் மகளை அழைத்துக்கொண்டு மயிலாடுதுறையிலிருந்து தரங்கம்பாடிக்குப் புறப்பட்டேன். கல்லூரியில் படிக்கும் அவள், வேதாகமத்தின் 66 புத்தகங்களையும் ஓராண்டில் வாசித்து முடிப்பதாகப் பொருத்தனை செய்து, மூன்றாம் புத்தகமான லேவியராகமத்தின் பலிமுறைமைகளுக்குள் வந்ததும் நின்றுபோயிருந்தாள். திருக்கடையூரைத் தாண்டும்போது, "மாமா, எனக்கு விசுவாசமே இல்லையோ என்று பயமாக இருக்கிறது" என்றாள்.

உடனே பதில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

புதிய எருசலேம் ஆலயத்தின் முகப்பில், இந்த ஊரை ஆண்ட டென்மார்க் அரசரின் கிரீடமும் பெயர் முத்திரையும் இன்றும் இருக்கின்றன. 1718 அக்டோபர் 11 அன்று பிரதிஷ்டை செய்யப்பட்ட ஆலயம் இது. உள்ளே, பலிபீடத்தின் அருகே, வேதாகமத்தைத் தமிழில் மொழிபெயர்த்த மிஷனரி பர்த்தலோமேயு சீகன்பால்கு அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். கல்லின் குளிர்ச்சி உள்ளங்காலில் ஏற, நாங்கள் இருவரும் அங்கே முழந்தாளிட்டு ஜெபித்தோம்.

1706 ஜூலை 9 அன்று, இருபத்துநான்கு வயதை எட்டும் தறுவாயில் இந்தக் கரையில் வந்திறங்கிய அந்த ஜெர்மானியர், திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளோடு தாமும் அமர்ந்து மணலில் விரலால் "அ" எழுதித் தமிழ் கற்றார். டேனிஷ் கோட்டையின் அதிகாரி அவரை நான்கு மாதம் சிறை வைத்தபோதும் தளராமல், 1711-இல் புதிய ஏற்பாட்டின் மொழிபெயர்ப்பை முடித்தார். 1715-க்குள் அது இவ்வூர் அச்சகத்திலேயே முழுமையாக அச்சேறியது. சுவிசேஷம் அடங்கிய புதிய ஏற்பாடு முதலில், நியாயப்பிரமாணம் அடங்கிய பழைய ஏற்பாடு பிறகு என்ற அந்த வரிசை, புதிதாக வாசிப்பவர்களுக்கும் மிகப் பொருத்தமானது என்பது என் உறுதியான எண்ணம். இயேசு இன்னார் என்று அறியாதவருக்கு லேவியராகமத்தின் பலிகள் வெறும் சடங்குகளாகத்தான் தெரியும். அவரைச் சிலுவையில் கண்டபின் திரும்பிப் போனால், ஒவ்வொரு பலியும் அவரையே சுட்டுவதைக் காணலாம்.

ஆகவே அவளிடம் மாற்கு சுவிசேஷத்தைத் திறக்கச் சொன்னேன். நான்கு சுவிசேஷங்களில் மிகச் சிறியது அது. ஓர் அந்திப்பொழுதில் முடித்துவிடலாம். ஒன்பதாம் அதிகாரத்தில், நோயுற்ற மகனோடு வந்த தகப்பன், "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்" என்று கண்ணீரோடு கதறுகிறான். ஆண்டவர் அவனைத் திருப்பி அனுப்பவில்லை, பிள்ளையைக் குணமாக்கினார். அவள் அந்த வசனத்தை இரண்டு முறை வாசித்தாள். பேருந்தில் நான் சொல்லாமல் விட்ட பதிலும் அதுதான்.

பழைய ஏற்பாட்டை சீகன்பால்கு முடிக்கவில்லை. ரூத்தின் புத்தகம் வரை வந்த நிலையில், 1719 பிப்ரவரியில், முப்பத்தாறு வயதில் ஆண்டவருக்குள் நித்திரையடைந்தார். எஞ்சியதை அவருக்குப்பின் வந்த பெஞ்சமின் சூல்ட்சே நிறைவு செய்தார்.

"ரூத் யார், மாமா?"

"மோவாப் தேசத்துப் பெண்ணம்மா. புருஷனை இழந்தபின், தன் மாமியாரைத் தனியே விடாமல் அந்நிய தேசத்துக்குப் போனவள்."

அவள் பக்கங்களைப் புரட்டி, கல்லறைக்கு முன்னால் நின்றபடியே, மெல்லிய குரலில் வாசித்தாள்: "உம்முடைய ஜனம் என்னுடைய ஜனம், உம்முடைய தேவன் என்னுடைய தேவன்."