மகளிர் பெட்டியில் நிரப்பிய விண்ணப்பம்

மயிலாடுதுறையிலிருந்து வரும் பாசஞ்சர் ரயில் தஞ்சாவூரில் வந்து நிற்கும்போதே மகளிர் பெட்டியில் எனக்கு ஒரு இடம் இருக்கும். கும்பகோணத்தில் ஏறும் டீச்சரக்கா கைப்பையை வைத்துப் பிடித்திருப்பார். பக்கத்தில் பொன்மலை ரயில்வே பணிமனையில் வேலை பார்க்கும் அக்கா. எதிரே, திருச்சியில் ஒரு டிராவல்ஸ் அலுவலகத்தில் டிக்கெட் போடும் பெண். எங்களில் அவள்தான் இளையவள். டீச்சரக்கா திருவெறும்பூரிலும் பணிமனை அக்கா பொன்மலையிலும் இறங்கிவிட, நாங்கள் இருவரும் ஜங்ஷன் வரை போவோம். நாலு பேரும் சீசன் டிக்கெட். ஆறு வருஷமாக இப்படித்தான் போகிறது.

பேச்சுக்கு ஒரு ஒழுங்கு கிடையாது. யார் வீட்டு மோட்டார் ரிப்பேர், எந்த மேனேஜர் லீவு தரவில்லை, புளிக்குழம்பில் மணத்தக்காளி வற்றலை எப்போது போடுவது, எல்லாம் வரும். 2024 ஆகஸ்டில் ஒரு நாள் அந்தப் பேச்சு நாகப்பட்டினம் கப்பலுக்கு வந்தது. காங்கேசன்துறைக்குக் கப்பல் மறுபடி ஓடத் தொடங்கிய வாரம் அது. "நாலு மணி நேரத்துல யாழ்ப்பாணமாம்" என்று டிராவல்ஸ் பெண் சொன்னதை அன்று இரவு சாப்பிடும்போது அம்மாவிடம் சொன்னேன்.

அம்மா சாதத்தைப் பிசைவதை நிறுத்திவிட்டார்.

அம்மா பிறந்தது வேதாரண்யம். தாத்தாவுக்கு உப்பளத்தில் வேலை. ஓய்வு நாளில் மகளைக் கோடியக்கரைக்குக் கூட்டிப்போய், கடலைக் காட்டி, "அந்தாண்ட யாழ்ப்பாணம்" என்பாராம். வீட்டில் இலங்கை வானொலிதான் எப்போதும் பாடும். பக்கத்து ஊர் மாதிரிக் கேட்டுக்கொண்டே வளர்ந்த ஊரை அறுபத்திரண்டு வயது வரை பார்த்ததில்லை. "நல்லூர் கோயில ஒரு தடவ பாத்துட்டு வந்துரலாமா?" என்று கேட்டார். அப்பா போன பிறகு அம்மா எதையும் வேண்டும் என்று கேட்டு நான் பார்த்ததில்லை. அதனால் அதை அப்படியே விட முடியவில்லை.

கப்பலுக்குப் பாஸ்போர்ட் வேண்டும். அம்மாவிடம் இல்லை. சரி, எடுத்துவிடலாம் என்று ஞாயிற்றுக்கிழமை ஒரு பிரவுசிங் சென்டருக்குப் போனேன். ஆதாரை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டு அரை மணி நேரத்தில் விண்ணப்பத்தை நிரப்பித் தந்தார்கள். பணம் மட்டும் கட்டவில்லை. நல்லவேளை, அந்தப் பிரிண்ட்டை மறுநாள் ரயிலில் எடுத்துக் காட்டினேன்.

பணிமனை அக்கா முந்தைய வருஷம்தான் தன் மாமியாருக்கு எடுத்திருந்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வரிவரியாகப் படித்தார். "ஆதார் தவிர வேற என்னென்ன கார்டு இருக்கு? எல்லாத்துலயும் பேர் ஒண்ணா இருக்கா?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. "இன்னிக்கு வீட்டுக்குப் போனதும் எல்லாத்தையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாரு. அதுக்கப்புறம் பணம் கட்டலாம்."

அன்று இரவு பீரோவைத் திறந்து மஞ்சள் பையைக் கொட்டினோம். அம்மாவின் பெயர் 'ம்மாள்' என்று முடியும். வாக்காளர் அட்டையில் ஆங்கிலத்தில் முழுதாக, கடைசியில் 'எல்' போட்டு, அப்பாவின் இனிஷியலோடு இருந்தது. ஆதாரில் அந்த 'எல்' இல்லை; இனிஷியலும் இல்லை. ரேஷன் அட்டையில் 'ம்மா' என்று நின்றிருந்தது. எட்டாம் வகுப்போடு வாங்கிய டி.சி.யில் தாத்தாவின் இனிஷியல். ஒரே ஆள், நாலு பெயர். இத்தனை வருஷமும் அதனால் எந்த வேலையும் நின்றதில்லை. அதனால் யாரும் கவனிக்கவில்லை.

பிறந்த தேதி மட்டும் எல்லாவற்றிலும் ஒன்றாக இருந்தது, ஆனால் அது உண்மையான தேதி இல்லை. அம்மா ஆவணியில் பிறந்தவர். பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது வயது சரியாக வர வேண்டும் என்று வாத்தியார் ஜூன் மாதம் எழுதிக்கொண்டார். அந்தத் தலைமுறையில் பாதிப் பேருக்கு இப்படித்தான் இருக்கும். டீச்சரக்காவிடம் கேட்டேன். "டி.சி.ல என்ன இருக்கோ அதுதான் பொறந்த நாள். எல்லா இடத்துலயும் அதே இருக்குல்ல, அதத் தொடாத" என்றார். தொடவில்லை.

பெயர் விஷயம்தான் நாலைந்து நாள் ஓடியது. பாஸ்போர்ட்டில் இனிஷியலை எழுத்தாக விட முடியாது, விரித்து எழுத வேண்டும். பெயருக்கு ஒரு கட்டம், குடும்பப்பெயருக்கு ஒரு கட்டம். நமக்குக் குடும்பப்பெயர் என்று ஒன்று இல்லை. அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டாலும் பாஸ்போர்ட் கொடுத்துவிடுவார்கள். ஆனால் டிராவல்ஸ் பெண் கண்டிப்பாகச் சொன்னாள்: "விடாதீங்கக்கா. ஒத்தப் பேரோட வர்றவங்கள ஏத்துக்க மாட்டோம்னு துபாய்ப் பக்கம் 2022லயே சொல்லிட்டாங்க. டிக்கெட் போட்டுட்டு ஏர்போர்ட்ல நின்னு அழுதவங்கள நான் பாத்திருக்கேன். அம்மா நாளைக்கே வேற எங்கயாவது போகணும்னா என்ன பண்ணுவீங்க?" நான் வேதாரண்யத்துக்கு அந்தாண்ட இருக்கும் ஒரு ஊரை மட்டும் நினைத்துக்கொண்டிருந்தேன். அவள் அம்மாவை இன்னும் பல ஊருக்கு அனுப்பத் தயாராக இருந்தாள்.

அந்தக் கட்டத்தில் என்ன எழுதுவது என்று அம்மாவிடம் கேட்டேன். ஒரு ராத்திரி யோசித்துவிட்டுக் காலையில் இட்லித் தட்டுக்கு எண்ணெய் தடவிக்கொண்டே, "எங்கப்பா பேரப் போட்டா ஆகாதா?" என்றார். கடலைக் காட்டியது தாத்தாதானே. ஆனால் வாக்காளர் அட்டை அப்பாவின் இனிஷியலோடு இருந்தது, அதை வைத்துத்தான் ஆதாரைத் திருத்த முடியும். "அப்பா பேர்தாம்மா போடணும், அட்டையில அதான் இருக்கு" என்றேன். "சரி, அதுவும் நம்ம பேர்தானே" என்றார். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. அன்று ரயிலில் இதைச் சொன்னபோது யாரும் உடனே ஒன்றும் பேசவில்லை. பூதலூர் தாண்டியதும் பணிமனை அக்காதான் சொன்னார்: "பாஸ்போர்ட் கடைசிப் பக்கத்துல தகப்பனார் பேர், தாயார் பேர், வீட்டுக்காரர் பேர், மூணையும் அச்சடிக்கிறாங்க. எங்க மாமியாரோடதுல இருக்கு. அம்மாட்ட போய்ச் சொல்லு."

சாயங்காலம் சொன்னேன். அதன் பிறகு அம்மா ஆதார் மையத்துக்குத் தானே முதலில் கிளம்பினார்.

ஆதார் திருத்தத்துக்கு அப்போது 50 ரூபாய். வாக்காளர் அட்டையின் அசலைக் காட்டி, திரையில் பெயரை ஒவ்வொரு எழுத்தாகப் படித்துப் பார்த்த பிறகுதான் சரி என்று சொன்னேன். இதில் அவசரப்படக் கூடாது. ஆதாரில் பெயரை ஆயுளுக்கு இரண்டு முறைதான் மாற்ற விடுகிறார்கள். பத்து நாளில் மாறி வந்தது.

அடுத்து விண்ணப்பம். இந்த முறை பிரவுசிங் சென்டர் வேண்டாம் என்று டிராவல்ஸ் பெண் சொல்லிவிட்டாள். மொத்தத்தையும் ரயிலிலேயே செய்தோம். பாஸ்போர்ட் சேவா இணையதளத்தைத் திறந்து என் கைபேசியை மடியில் வைத்துக்கொள்வேன். அவள் எதிரிலிருந்து குனிந்து பார்ப்பாள். பணிமனை அக்கா இடது பக்கத்திலிருந்து. ஆலக்குடியில் ஆரம்பித்தால் திருவெறும்பூருக்குள் ஒரு பக்கம் முடியும். நடுவே சிக்னல் போய்விடும், அதற்குள் பேச்சு வேறு எங்கோ போயிருக்கும். மூன்று காலை ஆனது.

பழைய பிரிண்ட்டில் பெரிய தவறு ஒன்று இருந்ததை அப்போதுதான் பார்த்தோம். குடிபெயர்வுச் சோதனை தேவையில்லாத பிரிவுக்குத் தகுதி உண்டா என்ற கேள்விக்கு 'இல்லை' என்று போட்டிருந்தார்கள். அம்மா பத்தாவது படிக்கவில்லை, அதனால் அப்படிப் போட்டிருப்பார்கள். பத்தாவது தேறாவிட்டாலும் ஐம்பது வயது தாண்டியவர்களுக்கு அந்தச் சோதனை கிடையாது. சுற்றுலா போக அது தடையும் இல்லை, வேலைக்காகச் சில நாடுகளுக்குப் போகிறவர்களுக்குத்தான் அது. இருந்தாலும் பாஸ்போர்ட்டில் தேவையில்லாமல் ஒரு முத்திரை எதற்கு? 'ஆம்' என்று மாற்றினோம்.

கட்டணம் 36 பக்கத்துக்கு 1500 ரூபாய். அறுபது தாண்டியவர்கள் புதிதாக எடுத்தால் பத்து சதவீதம் குறைவு, 1350 கட்டினேன். தட்கலுக்கு இன்னும் 2000 ஆகும். அது வேண்டாம் என்று டீச்சரக்கா சொன்னார். ஐப்பசி பிறக்கப்போகிறது, அடைமழையில் கடல் கொந்தளித்தால் கப்பல் எப்படி ஓடும், எதற்கு அவசரம் என்றார். அவர் சொன்ன மாதிரியே நவம்பரில் கப்பலை நிறுத்திவிட்டார்கள்.

தஞ்சாவூர் பாஸ்போர்ட் சேவை மையத்தில் அப்பாயின்ட்மென்ட் கிடைத்த நாளுக்கு முந்தைய வாரம் முழுக்க அம்மா கையெழுத்துப் பழகினார். கிழித்த நாட்காட்டித் தாள்களின் பின்பக்கத்தில், காபி குடித்த பிறகு, பத்துப் பத்தாக. 'ள்'இன் வாலைச் சுழிக்கும் இடத்தில் பேனா நின்று நின்று போகும். அடுத்த தாளை எடுப்பார். ஒன்றையும் தூக்கிப் போடவில்லை. அடுப்பங்கரை அலமாரியில் கிளிப் போட்டு வைத்திருந்தார்.

வயதானவர்களோடு துணைக்கு ஒருவரை உள்ளே விடுகிறார்கள். டோக்கன் வாங்கி உட்கார்ந்தோம். ஏ, பி, சி என்று மூன்று கவுண்டர். ஏ கவுண்டரில்தான் நேரம் பிடித்தது. காகிதங்களைச் சரிபார்த்து, படம் எடுத்து, பத்து விரல் ரேகையும் எடுக்க வேண்டும். அம்மாவின் ரேகை பதியவே இல்லை. நாற்பது வருஷமாக அரிவாள்மனை, அம்மி, சாம்பல் போட்டுத் தேய்த்த பாத்திரம் என்று பழகிய விரல்கள். வலது கட்டை விரலை மூன்று முறை வைத்தும் இயந்திரம் ஏற்கவில்லை. அம்மா என்னைப் பார்த்தார். முகத்தில் பயம் தெரிந்தது, ஏதோ தப்புச் செய்துவிட்ட மாதிரி. அந்தக் கவுண்டரில் இருந்த பெண் எழுந்து வந்து, ஈரத் துணியால் அம்மாவின் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்து, "மெதுவா வைங்கம்மா, அழுத்தாதீங்க" என்று தன் கையால் பிடித்து வைத்தார். பதிந்தது. அந்தப் பெண்ணுக்கு அன்று சரியாக நன்றி சொன்னேனா என்று நினைவில்லை.

பி கவுண்டரில் அசல்களைப் பார்த்தார்கள். கல்யாணச் சான்றிதழ் கேட்பார்களோ என்று எனக்கு ஒரு கலக்கம் இருந்தது. அப்பாவும் அம்மாவும் பதிவு செய்யவே இல்லை. கேட்கவில்லை, அந்த விதியை 2016லேயே எடுத்துவிட்டதாகப் பணிமனை அக்கா சொல்லியிருந்தார், அப்படியே ஆயிற்று. சி கவுண்டரில் அதிகாரி, "எங்க போறீங்கம்மா?" என்றார். "நல்லூருக்கு" என்றார் அம்மா. "எந்த நல்லூர்?" "கடலுக்கு அந்தாண்ட இருக்கிறது." அதிகாரி சிரித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். ஒன்றரை மணி நேரத்தில் வெளியே வந்துவிட்டோம்.

அதற்குப் பிறகு போலீஸ் விசாரணை. இதற்கும் ரயிலில் ஒரு எச்சரிக்கை கிடைத்திருந்தது: விசாரணை முடியும் வரை அம்மாவை எங்கும் அனுப்பாதே, அந்த முகவரியில் ஆள் இல்லையென்று எழுதிவிட்டால் மறுபடி அலைய வேண்டும். வேதாரண்யத்தில் சித்தி வீட்டு வளைகாப்பு இருந்தது. அம்மா போகாமல் இருந்தது எனக்கு வருத்தம்தான். ஆனால் அந்த வாரமே ஏட்டு வந்தார். எதிர்வீட்டு மாமியும் மாடி வீட்டுக்காரரும் கையெழுத்துப் போட்டார்கள்.

பன்னிரண்டாம் நாள் நான் வேலையில் இருக்கும்போது அம்மா போன் செய்தார். தபால்காரர் ஆதாரைக் கேட்டுப் பார்த்து, அம்மாவின் கையில்தான் கொடுப்பேன் என்று கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். "கடைசிப் பக்கத்தப் பாத்தியாம்மா?" என்றேன். "அதத்தான் மொதல்ல பாத்தேன். எங்கப்பா பேர் ஒரு எழுத்து தப்பில்லாம இருக்கு" என்றார்.

மறுநாள் டிபன் பாக்ஸ் நிறைய அதிரசம் கொடுத்துவிட்டார். பாஸ்போர்ட்டையும் ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு, "அவங்க மூணு பேர்ட்டயும் காட்டிட்டுப் பத்திரமா கொண்டா" என்றார். பணிமனை அக்கா எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டுதான் வாங்கினார். டிராவல்ஸ் பெண் ஒவ்வொரு எழுத்தையும் உதட்டால் படித்தாள். இலங்கைக்கு இணையத்தில் பயண அனுமதி எடுப்பதைத் தான் பார்த்துக்கொள்வதாகவும், பங்குனிக்குள் கப்பல் ஓடத் தொடங்கிவிட்டால் டிக்கெட் போட்டுவிடலாம் என்றும் சொன்னாள்.

டீச்சரக்கா மட்டும் ஒன்றும் பேசாமல் அம்மாவின் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். சோளகம்பட்டி தாண்டியதும் பையைத் திறந்து ஒரு காகித உறையை எடுத்தார். உள்ளே அவருடைய அம்மாவின் ஆதார், ரேஷன் அட்டை, ஒரு பழைய டி.சி. மூன்றையும் மடியில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, "பேர் ஒண்ணா இருக்கான்னு பாருங்கடி" என்றார்.