ரைட் ஆல்பம்: 61 சென்ட் தபால்தலை ஒருவழியாகக் கழன்றது

உறையிலிருந்து கழன்றுவிட்டது! நாவலாசிரியர் ரிச்சர்ட் ரைட்டின் 61 சென்ட் தபால்தலை, ஓரப் பல் ஒன்றுகூடச் சிதையாமல் கையில் இருக்கிறது. 'ரைட்' என்ற குடும்பப் பெயர்க்காரர்களை மட்டும் சேர்க்கும் என் ஆல்பத்தில் ரொம்ப நாளாகக் காலியாகக் கிடந்த இடம் இது.

மற்ற ரைட்கள் இப்படிப் பாடாய்ப் படுத்தவில்லை. ரைட் சகோதரர்களின் 1949 விமானத் தபால் 6 சென்ட், கட்டிடக் கலைஞர் ஃபிராங்க் லாய்ட் ரைட்டின் 1966 2 சென்ட் எல்லாம் பழைய பசை. தண்ணீரில் மிதக்கவிட்டால் தானாக விலகிவிடும். ரிச்சர்ட் ரைட் 2009-இல் வந்தவர், தானே ஒட்டும் ரகம். அமெரிக்கத் தலைகளில் இந்தக் காலத்துப் பசை தண்ணீருக்கு அசையவே அசையாது. உறைத்தாள்தான் கூழாகும்.

வேலைக்கு ஆனது ஆரஞ்சு எண்ணெய். அறை மணக்க அடிக்கும் ஸ்ப்ரேயில் ஆரஞ்சு எண்ணெய் மட்டுமே உள்ளதாகப் பார்த்து வாங்க வேண்டும். தண்ணீர் கலந்தது உதவாது. தலையின் முகத்தில் படாமல், பின்னாலிருக்கும் உறைத்தாளில் அடிக்க வேண்டும். 61 சென்ட் அப்போது இரண்டு அவுன்ஸ் கடிதத்துக்கான கட்டணம் என்பதால், எனக்குக் கிடைத்ததும் தடித்த உறைதான். எண்ணெய் உள்ளே இறங்கவில்லை. உறைத்தாளை நகத்தால் ஓர் அடுக்கு உரித்து மெலிசாக்கிய பிறகே தாள் கண்ணாடி மாதிரி தெளிந்தது. அப்புறம்தான் முக்கியமான இடம்: தலையை இழுக்கக் கூடாது. தலையை மேசையில் கவிழ்த்து, தாளை மட்டும் பின்னோக்கி மடக்கி மெல்ல உருவ வேண்டும். இழுத்தால் தலை சுருண்டுவிடும், அந்தச் சுருள் போகவே போகாது. பசை பின்னால் அப்படியே இருக்கும். டால்கம் பவுடர் தூவி, மெல்லிய தூரிகையால் தட்டிவிட்டால் ஒட்டாது. ஜன்னல் திறந்திருக்கட்டும், பக்கத்தில் அடுப்பு வேண்டாம்.

வியாபாரிகளுக்கு ஒரு வேண்டுகோள். உறையிலிருந்து வெட்டும்போது சுற்றிலும் ஒரு சென்டிமீட்டராவது விடுங்கள். எனக்கு வந்தது பல்லை ஒட்டி வெட்டியது; பிடிக்க இடமே இல்லை.

அடுத்து 1978-இன் 31 சென்ட் ரைட் சகோதரர்கள் ஜோடி. இரண்டையும் பிரிக்காமல் வைக்க நீளமான மவுண்ட் (தலையைச் செருகி ஆல்பத்தில் ஒட்டும் பிளாஸ்டிக் உறை) தேடுகிறேன். ஃபிராங்க் லாய்ட் கட்டிய ஃபாலிங்வாட்டர் வீட்டின் 1982 20 சென்ட் தலையில் அவர் முகம் இல்லை, ஆனாலும் சேர்ப்பேன். அருவிக்கு மேலேயே நிற்கும் அந்த வீடு அவர் கையெழுத்துதானே. பிங்க் ஃபிளாய்டின் கீபோர்டு கலைஞரும் ஒரு ரிச்சர்ட் ரைட். பிரிட்டன் 2016-இல் அந்தக் குழுவுக்கு வெளியிட்ட தலைகளையும் வாங்கப் போகிறேன். இரண்டு ரிச்சர்டும் எதிரெதிர்ப் பக்கத்தில்.