அப்பாவின் கழுத்து

ஜூன் 3

காலையில் அப்பாவுக்குச் சேட்டுத் தெறி பூட்ட முடியவில்லை. கொக்குவிலில் நாற்பது வருடம் ஊர்ச் சேட்டுகளுக்கெல்லாம் தெறி தைத்த கை அது. மாசியில் தொடங்கிய விறைப்பு. எண்ணெய் தேய்த்தோம். ஓர் இடத்தில் வாதம் என்று குளிசை தந்தார்கள், நாங்களும் நம்பி மூன்று மாதத்தை வீணாக்கினோம். இப்போது நடையும் தள்ளாடுகிறது. தலை முன்னுக்குக் கவிழ்ந்து, எதிரே வருபவரைக் கண்ணை உயர்த்தித்தான் பார்க்கிறார்.

ஜூன் 9

எம்.ஆர்.ஐ. படம் வந்தது. கழுத்தில் உள்ள 7 எலும்புகளில் நாலாவதிலிருந்து ஏழாவது வரை, இடையில் மெத்தைபோல் இருக்கும் மூன்று டிஸ்குகளும் வற்றி முன்பக்கம் தாழ்ந்துவிட்டன. அதனால் கழுத்தின் இயல்பான வளைவு எதிர்ப்பக்கம் திரும்பிவிட்டது. முண்ணாண், அதாவது முதுகெலும்புக்குள் ஓடும் நரம்புத் தண்டு, அந்தக் கூனின் மேல் இழுபட்டு நசிகிறது. கை விறைப்புக்கும் கால் தள்ளாட்டத்துக்கும் அதுதான் காரணம்.

ஜூன் 12

கழுத்தின் முன்பக்கத்தால் ஒப்பரேசன் செய்ய வேண்டும் என்றார் டொக்டர். "தொண்டைப் பக்கம் கத்தி வைக்கிறதோ? பின்னால செய்யச் சொல்லு பிள்ளை" என்று அம்மா அழுதா. எனக்கும் அதே பயம். டொக்டரிடமே கேட்டேன். அவர் அவசரப்படாமல் விளக்கினார்.

பின்பக்க எலும்பைக் கதவுபோல் திறந்து முண்ணாணுக்கு இடம் விடும் முறை 1970களில் ஜப்பானில் வளர்ந்தது. கழுத்து நேராக இருந்தால் முண்ணாண் பின்னுக்கு நகர்ந்து தப்பும். கூன் விழுந்த கழுத்தில் அப்படி நகராது, முன்பக்க எலும்பிலேயே அழுந்திக் கிடக்கும். ஆகவே 1950களிலிருந்து இருக்கும் முன்வழி. தோல் மடிப்பில் கீறி, மூச்சுக்குழாயையும் உணவுக்குழாயையும் ஒரு பக்கம் ஒதுக்கி, பழுதான டிஸ்குகளை எடுத்து, முன்புறம் உயர்ந்த ஆப்பு மாதிரிக் கூடுகளை வைத்து டைட்டேனியம் தகட்டால் பூட்டுவார்கள். பின்மூட்டுகள் எலும்பாக ஒட்டியிருந்தால் இது மட்டும் போதாது, பின்னாலும் வெட்டித் தளர்த்தி ஸ்குரூ போட வேண்டும். அப்பாவுக்கு ஒட்டவில்லை. குனிந்தும் நிமிர்ந்தும் எடுத்த எக்ஸ்ரேயில் கூன் கொஞ்சம் இளகியது. அதைக் கேட்ட பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

அப்பா ஒரேயொரு வார்த்தைதான் சொன்னார்: "முன்துண்டு கட்டையாப் போனா காலர் முன்னுக்குத்தான் இழுக்கும். முன்னுக்குத்தான் உயரம் குடுக்க வேணும்." அதோடு அம்மாவும் சம்மதித்துவிட்டா.

ஜூன் 19

ஒப்பரேசன் முடிந்தது. விரல்களை அசைத்தார். வேறு எதுவும் எழுத வரவில்லை.

ஜூன் 22

குரல் கரகரக்கிறது, விழுங்கக் கஷ்டம். இந்த வழியில் வழக்கமானதுதான், பெரும்பாலும் குறைந்துவிடும் என்கிறார்கள். கஞ்சி மட்டும்தான் இறங்குகிறது. இன்று கறுத்தக்கொழும்பான் மாம்பழத்தைப் பிழிந்து கொடுத்தேன், அரைக் கோப்பை குடித்தார்.

ஜூலை 7

வீட்டுக்கு வந்துவிட்டோம். தலை நேராக நிற்கிறது. விரல் விறைப்பு இன்னும் போகவில்லை. மேலும் கெடாமல் நிறுத்துவதுதான் முதல் நோக்கம், இழந்தது மெல்லத்தான் வரும், முழுதும் வராமலும் போகலாம் என்று முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள். புகை எலும்பு ஒட்டுவதைக் கெடுக்கும் என்பதால் சுருட்டுக்கட்டை அப்பாவே அடுப்பில் போட்டார்.

பின்னேரம் தச்சரைக் கூப்பிட்டு, குனியாமல் தைக்க மெசின் கால்களுக்குக் கட்டை வைத்தோம். ஊசியில் நூலை அம்மா கோத்துக் கொடுத்தா.