மூன்று சுழி ண

சோழிங்கநல்லூரில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் 11 வருடம் டெஸ்டிங் வேலை பார்த்தேன். நல்ல டீம், மாதக் கடைசியில் தவறாமல் சம்பளம், தப்பைக் கண்டுபிடிப்பதில் எனக்கிருந்த பிடிவாதத்துக்கு மரியாதை. அதை விட்டுவிட்டுத் தமிழ் எழுத்துரு வடிவமைக்கப் போகிறேன் என்றபோது எல்லோரும் முதலில் கேட்டது, "ஆபீஸ்ல ஏதாவது பிரச்சினையா?" என்றுதான்.

பிரச்சினை ராத்திரியில் இருந்தது. நான்கு வருடமாக, வேலை முடிந்து வந்து, பத்தரை மணிக்கு மேல் உட்கார்ந்து எழுத்து வரைந்துகொண்டிருந்தேன். 247 எழுத்துகளையும் தனித்தனியே வரைய வேண்டியதில்லை. காலும் கொம்பும் புள்ளியும் ஒரு தடவை வரைந்தால் சேர்த்துக்கொள்ளலாம். உகர, ஊகார வரிசைகள் மட்டும் விடாது. கு, சு, டு, து என்று ஒவ்வொன்றும் ஒவ்வொரு பக்கம் வளையும். 18 மெய்க்கும் இரண்டிரண்டாக 36 வடிவங்கள். அவற்றை முடிக்கவே எட்டு மாதம் ஆனது. ராத்திரி சரியாகத் தெரிந்த வளைவு காலையில் பார்த்தால் நொண்டும். மயிரிழை வித்தியாசம்தான். ஆனால் இந்த வேலையே அந்த மயிரிழையில்தான் இருக்கிறது, களைத்த கண்ணுக்கு அது பிடிபடாது. பகலின் நல்ல நேரத்தை இதற்குக் கொடுத்தாக வேண்டும் என்று அப்போது முடிவு செய்தேன்.

உடனே விடவில்லை. மனைவியும் நானும் ஒரு நோட்டுப் போட்டு, வாடகை, பள்ளிக் கட்டணம், அப்பாவின் மருந்து என்று எழுதி, 18 மாதச் செலவுக்குப் பணம் சேரும்வரை காத்திருந்தோம். 2019 மார்ச்சில் ராஜினாமா. சம்பளம் வராத முதல் மாதக் கடைசியில், போனில் மெசேஜ் சத்தம் கேட்கும்போதெல்லாம் கை தானாகப் போனது.

அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். கும்பகோணத்தில் ஒரு சின்ன அச்சகத்தில் கம்பாசிட்டராக இருந்தவர். ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி, ஸ்டிக் என்ற சின்னக் கைத்தட்டில் வரியாகக் கோப்பார். கண்ணாடியில் தெரிவதுபோல் திரும்பிக் கிடக்கும் வரியைச் சரளமாகப் படிப்பார். 1978-இல் எழுத்துச் சீர்திருத்த ஆணை வந்தபின், துதிக்கை வைத்த பழைய ணையும் லையும் சுழித்த ணாவும் றாவும் மெல்ல மெல்ல வேலையில்லாமல் போனதை, தெரிந்தவர்கள் ஊரை விட்டுப் போனதுபோல் சொல்வார்.

வேலையை விட்ட ஆறாம் மாதம் தடித்த எழுத்தில் இறங்கினேன். மற்றவை எப்படியோ வழிக்கு வந்தன. மூன்று சுழி ண மட்டும் வரவில்லை. கோடு தடித்தால் உள்ளே இருக்கும் வெள்ளை சுருங்கும். ட-வுக்குக் கவலையில்லை, மொத்தமே இரண்டு கோடு. ண-வில் அத்தனை சுழிக்கும் இடம் வேண்டும். புத்தக எழுத்தின் அளவான 10 பாயிண்டில் அச்செடுத்தால் கறுப்புத் திட்டாக நின்றது. அகலத்தைக் கூட்டினால், 'எண்ணம்' என்ற சொல்லில் ண்ண மட்டும் வரியையே அடைத்துக்கொண்டது. மூன்று வாரம் அதோடு மல்லுக்கட்டினேன்.

ஊருக்குப் போனபோது தாளை அப்பாவிடம் கொடுத்தேன். லென்ஸை வைத்துப் பார்த்தார். "ஈயத்துலயே இதுலதான் மை அடைச்சுக்கும். ஊசியால குத்தி எடுப்போம். வயித்துக்குள்ள காத்து போகணும்ப்பா."

வெளிக்கோட்டை அப்படியே விட்டு, உள்கோடுகளை மட்டும் மெலிதாக்கினேன். ண மூச்சு விட்டது. அன்று எனக்கிருந்த சந்தோஷம் 11 வருடத்தில் எந்த ரிலீஸுக்கும் இருந்ததில்லை.

வருமானம் இப்போது பழைய சம்பளத்தில் பாதிகூட இல்லை. "எழுத்துதான் சும்மாவே கிடைக்குதே" என்று யாராவது கேட்கும்போது மனசு வலிக்கிறது. ஒரு புத்தகத்தை முந்நூறு பக்கம் கண் வலிக்காமல் படிக்க முடிகிறதென்றால், யாரோ ஒருவர் அந்த எழுத்துகளோடு வருடக்கணக்கில் உட்கார்ந்திருக்கிறார். அந்த உழைப்புக்குக் கூலி உண்டு என்று கூச்சமில்லாமல் கேட்கப் பழகிக்கொண்டேன்.

போன மாதம் புதிய எழுத்துருவின் புரூபை அப்பாவுக்கு அனுப்பினேன். திரும்பி வந்த தாளில் 'பட்டம்' என்ற சொல்லைச் சுற்றிப் பென்சில் வட்டம், பக்கத்தில் அவர் கையெழுத்தில் "இங்கே ஓட்டை விழுகிறது." உண்மைதான். ட-வின் வலப்பக்கம் மேலே வெட்டவெளி. இரண்டு ட அடுத்தடுத்து வந்தால் நடுவில் பள்ளம் தெரியும். மறுநாள் காலை எட்டு மணிக்கு, ஜன்னல் வெளிச்சம் மேசைக்கு வந்ததும், அந்த இரண்டு ட-வையும் கொஞ்சம் கிட்டே நகர்த்த உட்கார்ந்தேன்.