மார்கழியில் வேர் வெட்டும் ஊர்

மேற்கு சிட்னியில் தமிழர் வீட்டைக் கண்டுபிடிக்கக் கதவு எண் தேவையில்லை. பால்கனியில் கறிவேப்பிலைத் தொட்டி இருக்கும். வென்ட்வொர்த்வில், வெஸ்ட்மீட், டூங்காபி பக்கம் புதிதாகக் குடிவந்தால் யாராவது ஒரு பக்கக்கன்றைப் பிரித்துக் கொண்டுவந்து கொடுத்துவிடுவார்கள். குளிர்காலத்தில் அது இலை உதிர்த்துக் குச்சியாக நிற்கும், செத்துவிட்டதோ என்று நாம் கவலைப்படுவோம், வசந்தத்தில் மறுபடி துளிர்க்கும். எங்கள் வீட்டிலும் ஒன்று உண்டு. நான் சொல்ல வந்தது அதற்குப் பக்கத்தில், தண்ணீர்த் தட்டில் உட்கார்ந்திருக்கும் இன்னொரு தொட்டியைப் பற்றி. அதில் நான் போன்சாயாக, அதாவது வெட்டி வெட்டிக் குட்டையாக வளர்ப்பது இந்த மண்ணின் மரம், பேப்பர்பார்க்.

சிட்னியில் இருப்பவர்கள் பெயர் தெரியாமலே இதைப் பார்த்திருப்பார்கள். தெருவோரத்தில், ரயில் நிலையத்துக்கு வெளியே, பூங்காவில் என்று எங்கும் நிற்கும். வெளிறிய பட்டை ஏடு ஏடாகப் பிரிந்து தொங்கும். விரலால் அழுத்தினால் மெத்தென்று உள்ளே போகும். மெலலூக்கா என்ற பேரினத்தில் பட்டை உரியும் பல இனங்களுக்கும் சேர்த்து இந்தப் பெயர் வழங்குகிறது. என்னிடம் இருப்பது லினாரிஃபோலியா. இலை ஊசியாக, இரண்டு மூன்று சென்டிமீட்டர் நீளத்தில் இருக்கும். கோடைத் தொடக்கத்தில் மரமே தெரியாத அளவுக்கு வெள்ளையாகப் பூக்கும். அதனால் ‘ஸ்னோ இன் சம்மர்’ என்று செல்லப்பெயர். பனியே விழாத சிட்னியில் இப்படி ஒரு பெயர்.

நாங்கள் இருப்பது வாடகை அடுக்ககம். தரையில் நட இடமில்லை, நட்டாலும் வீடு மாறும்போது விட்டுவிட்டுத்தான் போக வேண்டும். தொட்டி மரம் என்றால் கூடவே வரும். போன்சாய் பக்கம் போனதற்கு இதைவிடப் பெரிய தத்துவம் எதுவும் இல்லை. நாட்டு மரங்களுக்கான நர்சரிகளில் விரல் தடிமன்கூட இல்லாத கன்றுகளைக் குட்டிக் குழாய்த் தொட்டிகளில் விற்கிறார்கள். டியூப்ஸ்டாக் என்று கேட்க வேண்டும், சில டாலர்தான். கவுன்சில்களே குடியிருப்பவர்களுக்கு இலவசமாகத் தரும் நாள்களும் உண்டு. காட்டில் அழகாக ஒரு மரம் கண்ணில் பட்டது, தோண்டிக்கொண்டு வரலாம் என்ற எண்ணம் மட்டும் வேண்டாம். தேசியப் பூங்காவில் செடியில் கை வைப்பது இங்கே குற்றம்.

வேரோடு பிடுங்கி வேறு மண்ணில் நட்ட மரம் என்று புலம்பெயர்ந்தவர்களைப் பற்றி எழுதாத ஆளே இல்லை. போன்சாயும் வைத்திருக்கிறேன் என்றால் கேட்கவே வேண்டாம், வீட்டுக்கு வரும் நண்பர்கள் உடனே கவிதையில் இறங்கிவிடுகிறார்கள். என் தொட்டியில் கதை நேர்மாறு. மரம் சொந்த ஊரில்தான் இருக்கிறது, வெளியூர்க்காரன் நான். அதன் பழக்கவழக்கத்தை நான்தான் படிக்க வேண்டியிருந்தது.

முதலில் படித்தது காலக்கணக்கு. போன்சாய்ப் புத்தகங்கள் பெரும்பாலும் ஜப்பானிய மேப்பிளையும் பைனையும் மனதில் வைத்து எழுதப்பட்டவை. குளிர் முடிந்து மொட்டு விரியும் முன் தொட்டி மாற்று, வேர் வெட்டு என்று சொல்லும். தென்கோளத்தில் அதை ஆகஸ்ட் என்று மாற்றிக்கொண்டால் மேப்பிளுக்குச் சரியாகத்தான் இருக்கும். பேப்பர்பார்க்குக்கு அது ஒத்துவராது. இது குளிரில் தூங்கி எழும் மரமல்ல, ஆண்டு முழுக்க இலையோடு நிற்பது. வெயில் ஏறி, தளிர் தள்ளிக்கொண்டு வரும் நேரத்தில் வேரை வெட்டினால்தான் வெட்டிய இடத்தில் புது வேர் ஓடும். இங்குள்ள போன்சாய்ச் சங்கத்தில் ஒரு முதியவர், ஓய்வுபெற்ற எலக்ட்ரீஷியன், முதல் நாளே சொன்னார்: “மேட், முழுக்கால் சட்டை போட முடியாத அளவுக்கு வெயில் அடிக்கும்போது வேரை வெட்டு.” அரைக்கால் சட்டையோடுதான் அவரை எப்போதும் பார்த்திருக்கிறேன் என்பதால் நாள் குறிப்பதில் கொஞ்சம் குழப்பம் இருந்தது. அப்புறம் புரிந்தது, டிசம்பர், ஜனவரி. ஊரில் கோலம் போட்டுப் பனியில் நடுங்கும் மார்கழிதான் இங்கே வேர் வெட்டும் மாதம். பொங்கல் விடுமுறையும் கிடையாது, ஆனால் பள்ளிகளுக்குக் கோடை விடுமுறை. மகளையும் உட்கார வைத்துக்கொண்டு வேலையை முடித்துவிடுகிறோம்.

வெட்டும் அளவைப் பார்த்தால் புதிதாக வருபவர்களுக்குப் பகீரென்று இருக்கும். ஆணிவேரை ஒட்ட நறுக்கிவிட்டு, சல்லிவேர் பரப்பில் பாதிக்கு மேல் எடுக்கலாம். மேலே கிளையையும் அதற்கேற்பக் குறைத்து, இரண்டு வாரம் நிழலில் வைத்தால் போதும். இந்த மண்ணின் மரங்கள் எல்லாவற்றிலும் இந்தத் துணிச்சல் கூடாது. பேங்க்சியா, கிரெவில்லியா போன்றவை வேர் விஷயத்தில் ரோஷக்காரர்கள். பாஸ்பரஸ் அதிகமான உரத்தைப் போட்டால்கூட அவற்றுக்கு ஆகாது. பேப்பர்பார்க் அப்படியெல்லாம் முகம் சுளிக்காது.

காரணம் அது பிறந்த இடம். சதுப்பும் ஓடைக்கரையும்தான் இதன் வீடு. “வேர் அழுகும், தண்ணீர் தேங்கவிடாதே” என்பது போன்சாய்க்காரர்களின் வேதவாக்கு. இந்த மரத்துக்கு அதையும் தள்ளி வைக்க வேண்டியதுதான். கோடை முழுக்கத் தொட்டியை ஒரு தட்டுத் தண்ணீரில் உட்கார வைக்கலாம். கொசு வராமல் அடிக்கடி தண்ணீரை மாற்றினால் சரி. 2019 டிசம்பரில் சிட்னியில் இரண்டாம் கட்டத் தண்ணீர்க் கட்டுப்பாடு வந்தது. குழாய் பிடித்துச் செடி நனைக்கக் கூடாது, வாளியோ பூவாளியோ மட்டும், அதுவும் காலை பத்துக்கு முன் அல்லது மாலை நாலுக்குப் பின். காட்டுத் தீயின் புகையில் வானம் செம்மண் நிறத்தில் இருந்த நாள்கள் அவை. 2020 ஜனவரி 4 அன்று பென்ரித்தில் 48.9 டிகிரி. சென்னைக் கத்திரி வெயிலில் வளர்ந்தவன் நான், எனக்கே மூச்சு முட்டியது. அன்று பால்கனியில் கறிவேப்பிலையைக் குளியலறைக்குள் தூக்கிக்கொண்டு ஓடினோம். பேப்பர்பார்க் தட்டுத் தண்ணீரில் நின்றபடியே அந்த நாளைக் கடத்திவிட்டது.

அந்தப் பட்டைக்கும் தீக்கும் நெருங்கிய சம்பந்தம் உண்டு. ஏடு ஏடான அடுக்குகள் உள்ளிருக்கும் உயிர்ப்பகுதியைச் சூட்டிலிருந்து காக்கும். வெளிப்புறம் கருகினாலும், அடிமரத்துக்குள் உறங்கும் மொட்டுகள் விழித்துக்கொண்டு அடுத்த மழைக்குத் துளிர்த்துவிடும். பூர்வகுடி மக்கள் இந்தப் பட்டையை நெடுங்காலமாகப் பயன்படுத்தி வந்திருக்கிறார்கள். குழியடுப்பில் சுடும் உணவை இதில் பொதிவார்கள், குடிசைக்குக் கூரையாகப் போடுவார்கள், குழந்தையைக் கிடத்தும் மரத்தட்டுக்குள் மெத்தையாக விரிப்பார்கள்.

உறங்கும் மொட்டுகள்தான் போன்சாய்க்காரனுக்கு வரமும் தொல்லையும். இலையே இல்லாத முதிர்ந்த கட்டையைக் கவாத்து செய்தாலும் இந்த மரம் துளிர்க்கும். பைனில் அப்படிச் செய்தால் கிளை போய்விடும். ஆனால் இது துளிர்ப்பது ஒன்றிரண்டு இடத்தில் அல்ல. வெட்டிய வாயைச் சுற்றிக் கொத்தாக, அடிமரம் நெடுக, கிளைக் கவட்டில் என்று கண்ட இடத்திலெல்லாம் கிளம்பும். அப்படியே விட்டால் அந்த இடம் முண்டாக வீங்கிவிடும், பிறகு மறைக்கவே முடியாது. அதனால் துளிர் ஒரு அங்குலம் வந்ததும் இரண்டை வைத்துக்கொண்டு மிச்சத்தைக் கிள்ளிவிட வேண்டும். எதை வெட்டுவது என்று யோசித்து யாரும் இதில் திணறுவதில்லை. எதை விட்டுவைப்பது என்பதில்தான் திணறல். இளங்கன்றில் நாங்கள் செய்வது இதுதான்: ஒரு பருவம் முழுக்க இஷ்டத்துக்கு வளரவிடுவது, அடிமரம் தடித்ததும் தலையை வாங்குவது, புதுத் துளிரில் ஒன்றைத் தலைமைக்கு விட்டு மறுபடி வளர்ப்பது. ஒவ்வொரு வெட்டுக்கும் அடிமரம் சற்றே திசை மாறி, மேலே போகப் போக ஒல்லியாகும். மேல்பாகம் எப்போதும் வேகம். கீழ்க் கிளைக்கு வெளிச்சம் மறைந்தால் அது மெலிந்து காய்ந்துவிடும். ஆகவே மேலே அடிக்கடி கத்தரி, கீழே பொறுமை.

கம்பி சுற்றுவதில் எனக்குத் தனிக் கருத்து உண்டு. காகிதப் பட்டை வந்த கிளையில் அலுமினியக் கம்பியைச் சுற்றினால் பட்டை நசுங்கும், கழற்றும்போது பிய்ந்துகொண்டு வரும். பட்டை கட்டாத பச்சைக் குருத்தில் சுற்றலாம். கோடையில் அது தடிக்கும் வேகத்துக்குச் சில வாரத்திலேயே கம்பி சதையில் பதிந்துவிடும் என்பதால் கண் வைத்துக்கொண்டே இருக்க வேண்டும். முதிர்ந்த கிளையைத் தாழ்த்த வேண்டுமென்றால் தொட்டி விளிம்பிலிருந்து இழுத்துக் கட்டுவது மேல், கட்டும் இடத்தில் ரப்பர்த் துண்டு வைத்து. உரியும் பட்டையைச் சிலர் கண்காட்சிக்கு முன் சுத்தம் செய்கிறார்கள். எனக்கு அது ஒப்பவில்லை. அதற்காகத்தானே இந்த மரத்தை வளர்க்கிறோம்!

உருவத்துக்கு ஜப்பானியப் படங்களைவிட சிட்னியின் சென்டென்னியல் பூங்கா உதவியாக இருந்தது. அங்கே லாக்லன் சதுப்பு என்று ஒரு பகுதி. பஸ்பி என்பவர் அமைத்து 1837இல் முடிந்த சுரங்கக் கால்வாய் வழியாக ஒரு காலத்தில் சிட்னிக்குக் குடிநீர் போனது இங்கிருந்துதான். பலகைப் பாதையில் நடந்தால் இருபக்கமும் அகன்ற இலைப் பேப்பர்பார்க், மேலே பழந்தின்னி வௌவால்களின் இரைச்சல். அந்த மரங்களில் கிளை கிடைமட்டமாகப் படிந்து கிடப்பதில்லை. அடியிலேயே இரண்டு மூன்றாகப் பிரிந்து, வானத்தைப் பார்த்து எழும்பி, நுனியில் மட்டும் கொஞ்சம் சரியும். பைன் மரத்தைப் போலக் கிளைகளைக் கீழே இழுத்துக் கட்டிய பேப்பர்பார்க்கைப் பார்த்தால் இப்போது எனக்குச் சிரிப்புத்தான் வருகிறது. கான்பெராவின் தேசிய மரப்பூங்காவில் உள்ள போன்சாய், பென்ஜிங் (சீனத் தொட்டி மரக் கலை) சேகரிப்பில் ஆஸ்திரேலிய மரங்களையும் வைத்திருக்கிறார்கள். வாய்ப்புக் கிடைத்தால் ஒருமுறை போய்ப் பாருங்கள்.

இதே அகன்ற இலை இனத்தைச் சதுப்பு வற்றட்டும் என்று அமெரிக்காவின் ஃபுளோரிடாவுக்குக் கொண்டுபோனார்கள். அது எவர்கிளேட்ஸ் ஈரநிலத்தில் கட்டுக்கடங்காமல் பெருகி, அழிப்பதற்கென்றே பூச்சிகளை இறக்குமதி செய்யும் நிலை வந்தது. நமக்குச் சீமைக் கருவேலம் எப்படியோ, அவர்களுக்கு இது அப்படி. ஊர் மாறினால் மரத்துக்கும் பெயர் கெட்டுப்போகும் போல.

அம்மா போன கோடைக்கு இங்கே வந்திருந்தார். நான் கத்தரியும் கையுமாக உட்காரும்போதெல்லாம், “வாயில்லா ஜீவன்டா, ஏன்டா இப்படிப் படுத்துற?” என்பார். இது நாவல், கொய்யா, கிராம்பு எல்லாம் இருக்கும் குடும்பத்து மரம் என்று சொல்லி, இலையைக் கசக்கிக் கொடுத்தேன். முகர்ந்து பார்த்துவிட்டு, “தைல வாசனை வருதே” என்றார். ஊட்டித் தைல மரமும் இதே குடும்பம், அதுவும் இந்த நாட்டிலிருந்து வந்ததுதான் என்றேன். “அப்போ நமக்குப் பங்காளின்னு சொல்லு.” அதற்குப் பிறகு காலையில் தண்ணீர்த் தட்டை மாற்றும் வேலை அவருடையது. இலைகளை நூலால் பிணைத்து உள்ளே கூடு கட்டும் கம்பளிப்புழுக்களை முதலில் கண்டுபிடித்ததும் அவர்தான். மருந்து வேண்டாம், கூட்டைக் கையால் பிரித்து எறிந்தாலே போதும் என்றார். போதுமானதாகத்தான் இருந்தது.

அவருடைய ஒரே குறை, “பூக்காத மரம் எதுக்குடா?” நியாயமான கேள்விதான். லினாரிஃபோலியா பூப்பது கிளை நுனியில். உருவம் வேண்டுமென்றால் நுனியைக் கிள்ளிக்கொண்டே இருக்க வேண்டும், கிள்ளினால் பூ போச்சு. அம்மா அடுத்து வருவது நவம்பரில். அதனால் இந்த முறை வலப்பக்கக் கிளைகளில் கோடை முடிந்ததிலிருந்து கத்தரி வைக்கவில்லை. இப்போதே அந்தப் பக்கம் கனத்து, மரம் ஒரு சாய்வாகத் தெரிகிறது. சங்கத்து முதியவர் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் தலையை ஆட்டினார். பூ முடிந்ததும் டிசம்பரில் ஒரேயடியாகக் குறைத்துக்கொள்ளலாம், வேர் வெட்டும் வேலையும் அப்போதுதான். புதுத் தொட்டி சதுரமா நீள்வட்டமா என்று மகளுக்கும் எனக்கும் இன்னும் ஒத்துப்போகவில்லை.