58 படைப்புகள், நான்கு சுவர்கள்: ஒரு சிறு கலைக்கூடத்தின் நாட்குறிப்பு

பிப்ரவரி 3, செவ்வாய்

பொதுக் காட்சிக்குப் படைப்புகளைப் பெற்றுக்கொள்ள இன்றுதான் கடைசி நாள். மாலை ஆறு மணிக்குப் பதிவேட்டை மூடியபோது எண் 58இல் நின்றது. அவற்றில் ஐந்து சிற்பங்கள். மீதமுள்ள 53 படைப்புகளும் சுவருக்கு வர வேண்டும். கதவுகளையும் சன்னல்களையும் கழித்தால் எங்கள் கூடத்தில் மாட்டுவதற்குக் கிடைக்கும் சுவரின் மொத்த நீளம் 31 மீட்டர். ஒரு படைப்புக்குச் சராசரியாக 58 சென்டிமீட்டர்தான் வரும் என்று கணக்குப் பார்த்ததும், ஒவ்வோர் ஆண்டும் எழும் வாதம் மீண்டும் எழுந்தது. தேர்வுக்குழு ஒன்றை அமைத்துத் தரமானவற்றை மட்டும் மாட்டலாமே என்று குழுவில் இருவர் வற்புறுத்தினார்கள். அவர்கள் கவலையில் நியாயம் இல்லாமல் இல்லை. நெருக்கமாக மாட்டினால் நல்ல ஓவியமும் கெட்டுப்போகும்.

ஆயினும் நான் இசையவில்லை. 1863இல் பாரிஸ் நகரத்து அரசுக் காட்சியின் தேர்வுக்குழு ஆயிரக்கணக்கான படைப்புகளைத் தள்ளியபோது, அவற்றையும் மக்களே பார்த்து முடிவு செய்யட்டும் என்று மூன்றாம் நெப்போலியன் தனிக் காட்சிக்கு உத்தரவிட்டார். தள்ளப்பட்டவற்றுள், பின்னாளில் பெரும் ஓவியராகக் கொண்டாடப்பட்ட எதுவார் மனேயின் ஓவியங்களும் இருந்தன. இங்கே மனே ஒளிந்திருக்கிறார் என்பதற்காக நான் வாதிடவில்லை. அறிவிப்பில் "எவரும் கொண்டுவரலாம்" என்று எழுதிவிட்டோம். அதை நம்பி வந்தவர்களுக்கு நாம் தர வேண்டியது நல்ல இடமே தவிர மதிப்பெண் அல்ல. ஒருவர் பல ஆண்டுகளில் முதன்முறையாக வரைந்ததைச் சுவரில் சரியாக மாட்டுவது ஒரு தொழில், அதைச் செம்மையாகச் செய்ய முடிந்தால்தான் இந்த விதிக்குப் பொருள் உண்டு என்று சொன்னேன். பேச்சு முடிந்ததும் விதி மாறவில்லை. மாட்டும் பொறுப்பு என் தலையில் வந்தது.

கடைசியாக வந்தது எண் 41. பதிவெண்ணை முன்பே வாங்கிச் சென்றிருந்தவர், கதவை மூடும் நேரத்தில் வந்தார். பழைய நோட்டுப் புத்தக உறைக்குள் உள்ளங்கை அளவில் ஒரு பென்சில் ஓவியம்: ஊசியில் நூல் கோக்கும் இரண்டு கைகள். "சட்டம்கூடப் போடவில்லை அம்மா, இதையெல்லாம் மாட்டுவீர்களா?" என்று கேட்டார். மாட்டுவோம் என்றேன். பெயர்ச்சீட்டில் எழுத ஏதேனும் சொல்லுங்கள் என்பதற்குள் போய்விட்டார்.

பிப்ரவரி 5, வியாழன்

முழு நாளும் காகிதப் படைப்புகளுக்கே போயிற்று. வந்தவற்றில் ஒன்பது, செல்லோடேப்பால் அட்டையில் ஒட்டப்பட்டிருந்தன. அந்தப் பசை சில ஆண்டுகளில் மஞ்சளாகிக் காகிதத்துக்குள் இறங்கிவிடும். பிறகு நாடாவை அகற்றினாலும் கறை அகலாது. நாங்கள் மெல்லிய சப்பானியக் காகிதத்தைக் கீற்றாகக் கிழித்து, கோதுமை மாவுச்சத்துப் பசை தடவி, ஓவியத்தின் மேல் விளிம்பில் மட்டும் இரண்டு கீல்களாக ஒட்டுகிறோம். காற்றின் ஈரத்துக்கேற்பக் காகிதம் விரிந்து சுருங்கும். நான்கு பக்கமும் ஒட்டிவிட்டால் அது அலையலையாக மடங்கும். தொங்கவிட்டால் தானே சமமாகும். ஒரு துளி நீரால் இந்தக் கீலை நாளை எவரும் கழற்றிவிடலாம் என்பதுதான் இதன் சிறப்பு.

எண் 41க்குக் கையிருப்பிலிருந்து 30க்கு 40 சென்டிமீட்டர் அளவுள்ள மரச்சட்டம் ஒன்றை எடுத்தேன். இவ்வளவு சிறிய ஓவியத்துக்கு இவ்வளவு பெரிய சட்டமா என்று உடனிருந்த தன்னார்வலர் கேட்டார். சுற்றிலும் அமிலமற்ற வெள்ளை அட்டை அகலமாக இருந்தால், பார்ப்பவர் தாமாகவே ஓர் அடி முன்னே வருவார். பென்சில் கோட்டை அந்தத் தொலைவில்தான் பார்க்க வேண்டும்.

பிப்ரவரி 8, ஞாயிறு

எல்லாவற்றையும் தரையில், நுரைத்துண்டுகளின் மேல், சுவரோரமாகச் சாய்த்து வைத்தோம். நான்கு முறை வரிசையை மாற்றினேன். எவருக்கும் வருத்தம் வராமலிருக்க அகரவரிசையில் மாட்டிவிடலாம் என்றொரு யோசனை வந்தது. 1917இல் நியூயார்க்கில் தனித்த கலைஞர்கள் சங்கம், தேர்வுக்குழு இல்லாத தன் முதல் காட்சியில் அப்படித்தான் செய்தது. எந்த எழுத்தில் தொடங்குவது என்பதைக்கூடச் சீட்டெடுத்துத் தீர்மானித்தார்கள். நியாயமான வழிதான். ஆனால் அங்கே ஓவியம் எதன் அருகில் இருக்கிறது என்று பார்க்க ஆளில்லை. பெயரின் முதலெழுத்து ஒன்று என்பதற்காக, ஒரு மீட்டர் அகலச் சிவப்பு அக்ரிலிக் ஓவியத்துக்குப் பக்கத்தில் பென்சில் கைகளைத் தொங்கவிட்டால், அது சமத்துவம் ஆகாது.

பக்கத்திலிருப்பது எவ்வளவு முக்கியம் என்பதற்கு லண்டன் ராயல் அகாதெமியின் 1832ஆம் ஆண்டுக் காட்சி எனக்கு எப்போதும் நினைவுக்கு வரும். ஓவியர் கான்ஸ்டபிள் வாட்டர்லூ பாலத் திறப்பு விழாவைப் பல வண்ணங்களில் தீட்டியிருந்தார். அருகே இன்னோர் ஓவியரான டர்னரின் சாம்பல்நிறக் கடல் காட்சி. காட்சி திறப்பதற்கு முன் இறுதித் தீட்டலுக்கு அளிக்கப்படும் நாளில் டர்னர் வந்து, தம் கடல்மேல் சிவப்புச் சாயத்தை ஒரே ஒரு பொட்டாக வைத்துவிட்டுச் சென்றார். பிறகு அதை மிதவையாக மாற்றினார். அந்தப் பொட்டின் முன் பக்கத்து ஓவியத்தின் சிவப்பெல்லாம் வலுவிழந்தது. எங்களிடம் அப்படிப் போட்டி போடுகிறவர் எவரும் இல்லை. போட்டி ஏற்படாமல் பார்த்துக்கொள்வது மாட்டுகிறவரின் வேலை.

ஆகவே ஓசை மிகுந்த வண்ணங்களை எதிரெதிர்ச் சுவர்களுக்குப் பிரித்து, வடக்குச் சுவர் முழுவதையும் கோட்டோவியங்களுக்கும் அச்சோவியங்களுக்கும் ஒதுக்கினேன். எண் 41 அதன் நடுவே வருகிறது. தெற்குச் சுவரில் மட்டும் இரண்டு வரிசை தவிர்க்க முடியாததாயிற்று. மேல்வரிசைக்குப் பெரிய, தொலைவிலிருந்தே தெளிவாகத் தெரியும் ஓவியங்களைக் கொடுத்தேன். இதில் இருவருக்கு மனக்குறை வரும் என்று தெரிந்தே செய்கிறேன். ஓவியர் கெய்ன்ஸ்பரோ, தாம் கேட்ட உயரத்தில் ஓவியத்தை மாட்ட மறுத்தார்கள் என்பதற்காக 1784இல் அகாதெமியிலிருந்து எல்லாவற்றையும் திரும்பப் பெற்று, மறுபடி அங்கே காட்சிக்கு வைக்கவே இல்லை. உயரம் அற்ப விஷயம் அல்ல.

பிப்ரவரி 11, புதன்

மாட்டும் நாள். ஓவியத்தின் மையம் தரையிலிருந்து 148 சென்டிமீட்டரில் இருக்க வேண்டும் என்பது நாங்கள் வைத்துக்கொண்ட அளவு; பெரும்பாலான கலைக்கூடங்கள் 145க்கும் 152க்கும் இடையில் ஓர் அளவைப் பின்பற்றுகின்றன. கணக்கு எளிது. மைய உயரத்தோடு ஓவியத்தின் பாதி உயரத்தைக் கூட்டி, பின்புறக் கம்பியை விரலால் மேலே இழுத்தால் சட்டத்தின் மேல்விளிம்புக்கும் கம்பிக்கும் இடையே எவ்வளவு இருக்கிறதோ அதைக் கழிக்க வேண்டும். 60 சென்டிமீட்டர் உயரமான ஓவியத்துக்குக் கம்பி 8 சென்டிமீட்டர் கீழே நின்றால், 148 கூட்டல் 30 கழித்தல் 8, அதாவது 170இல் கொக்கி. ஒரு கொக்கிக்குப் பதிலாக இரண்டு கொக்கிகளில் தொங்கவிட்டால் கதவு அதிர்ந்தாலும் ஓவியம் கோணாது.

காலையில் கிழக்குச் சுவரில் ஆறு ஓவியங்களை மாட்டி முடித்துவிட்டுப் பின்னால் வந்து பார்த்தபோது வரிசை வலப்புறம் சரிந்திருந்தது. ஒவ்வொன்றையும் அதனதன் கீழுள்ள தரையிலிருந்து அளந்திருந்தேன். பழைய கட்டடத்தின் தரை ஒரு முனையில் இரண்டு சென்டிமீட்டர் தாழ்ந்திருக்கிறது. ஆறையும் இறக்கி, ரசமட்டத்தை வைத்துச் சுவரின் குறுக்கே நூல் கட்டி, அந்த நூலிலிருந்து அளந்து மீண்டும் துளையிட்டோம். மூன்று மணி நேரம் போயிற்று. முதலிலேயே நூல் கட்டியிருக்க வேண்டும்.

பிப்ரவரி 12, வியாழன்

பெயர்ச்சீட்டுகள். எழுத்து 18 புள்ளிக்குக் குறையக் கூடாது. சக்கர நாற்காலியில் வருபவரும் படிக்கும்படி ஓவியத்தின் நடுப்பகுதிக்குப் பக்கத்தில் ஒட்ட வேண்டும். "இதில் உங்களுக்குக் கடினமாக இருந்தது எது?" என்ற ஒரே கேள்வியைப் படைத்தவர்களிடம் கேட்டு, அந்த விடையையே சீட்டில் அச்சிட்டோம். எண் 41இன் சீட்டில் பெயரும் "பென்சில், காகிதம்" என்பதும் மட்டுமே இருக்கின்றன.

பிப்ரவரி 14, சனி

திறப்பு. கூட்டம் நிரம்பியது. உரைகள் எதையும் வைக்காமல், வந்தவர்களைப் படைத்தவர்களோடு பேசவிட்டது நல்ல முடிவு.

பிப்ரவரி 15, ஞாயிறு

இன்று ஒரு தவற்றைக் கண்டேன், அது முழுக்க என் பொறுப்பு. கிழக்குச் சுவரின் கடைசியில் மாட்டிய நீர்வண்ண ஓவியத்தின்மேல் மாலை நான்கரை மணிக்குச் சன்னல் வெயில் நேராக விழுந்தது. விளக்குகளையெல்லாம் இரவில் அளந்து, காகிதத்துக்கு 50 லக்ஸ் (ஒளியை அளக்கும் அலகு), எண்ணெய், அக்ரிலிக் ஓவியங்களுக்கு 200 லக்ஸ் என்று சரிசெய்திருந்த நான், மாலையில் ஒருமுறை வந்து அளக்கவில்லை. ஒளிமானி 2,000 லக்ஸுக்குமேல் காட்டியது. ஒளியால் நேரும் சேதம் கூடிக்கொண்டே போவது, மீளாதது. 2,000 லக்ஸில் ஒரு மணி நேரம் என்பது 50 லக்ஸில் 40 மணி நேரத்துக்குச் சமம். உடனே திரையை இழுத்துவிட்டு, ஓவியத்தை வடக்குச் சுவருக்கு மாற்றினேன். வரைந்தவரைத் தொலைபேசியில் அழைத்து நடந்ததைச் சொன்னேன். மறைப்பதற்கு இதில் எதுவும் இல்லை.

பிப்ரவரி 22, ஞாயிறு

இந்தக் காட்சியில் நான் மிகவும் எதிர்பார்த்திருந்த நாள் இது. பதினான்கு பேர் வந்தார்கள். ஒவ்வொருவரும் ஒரே ஒரு படைப்பின் முன் பத்து நிமிடம் பேசாமல் நிற்க வேண்டும், பிறகு எல்லோரும் சேர்ந்து பேச வேண்டும். நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் பார்வையாளர்களைக் கவனித்து 2001இல் வெளியான ஆய்வில், ஒரு படைப்பின் முன் அவர்கள் நின்ற நேரம் சராசரியாக 27 நொடி. பார்வைகளில் பாதி 17 நொடியைத் தாண்டவில்லை. அத்தகைய பெரும் படைப்புகளுக்கே அவ்வளவுதான் என்றால் எங்கள் சுவருக்கு எவ்வளவு கிடைக்கும்?

முதல் மூன்று நிமிடம் எல்லோரும் கால் மாற்றி நின்றார்கள். அதன்பிறகு கூடத்தில் ஒரு மாற்றம் வந்தது. உடல்கள் அசையாமல் கண்கள் மட்டும் நகரத் தொடங்கின.

எண் 41இன் முன் நின்ற மூவரின் பேச்சை அப்படியே எழுதி வைக்கிறேன். தையல் தொழில் செய்த ஒரு பெரியவர், "ஊசி வலக்கையில் இருக்கிறது, நூல் இடக்கையில் இருக்கிறது. வலக்கைப் பழக்கம் உள்ளவர்கள் நூலை வலக்கையில்தான் பிடிப்பார்கள். இது இடக்கைக்காரர் ஐயா" என்றார். அருகிலிருந்த கல்லூரி மாணவி, கண்ணாடியில் பார்த்து வரைந்திருந்தால் இடம் வலமாகத் தெரியுமே என்று கேட்டாள். மூன்றாமவர், "இரண்டு கையிலும் வேலை இருக்கும்போது எந்தக் கையால் வரைவது? இவை வேறொருவர் கைகள்" என்றார். மூவருமே சட்டத்தின் கண்ணாடிக்கு இன்னும் நெருங்கிக் கட்டைவிரல் நகத்தின் நிழலைப் பார்த்து விளக்கு எந்தப் பக்கம் இருந்தது என்று வாதிட்டார்கள். நான் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. சொல்ல எனக்கு எதுவும் தெரிந்திருக்கவும் இல்லை.

பரிபாடலின் 19ஆம் பாடலில் திருப்பரங்குன்றத்து ஓவிய மண்டபம் வருகிறது. எழுத்துநிலை மண்டபம் என்று அதற்குப் பெயர். அங்கே ஓவியத்தைச் சுட்டி இவள் யார், இவன் யார் என்று கேட்கிறார்கள். இரதி என்றும் காமன் என்றும் மற்றவர்கள் விடை சொல்கிறார்கள். இந்தப் பூனைதான் இந்திரன், இவள் அகலிகை, இவர் கௌதமன் என்று வேறு சிலர் கதையை விளக்குகிறார்கள். விளக்குவோர் எவரும் மண்டபத்தால் நியமிக்கப்பட்டவர்களாகத் தெரியவில்லை. இன்று மாலை எங்கள் கூடத்தில் கேட்ட குரல்களும் அப்படித்தான் இருந்தன.

மார்ச் 1, ஞாயிறு

சயனோடைப், அதாவது வெயிலைக் கொண்டு காகிதத்தில் நீல அச்சு எடுக்கும் முறைக்கான பயிலரங்கு. ஜான் ஹெர்ஷல் 1842இல் கண்டறிந்த முறை; மறு ஆண்டே அன்னா அட்கின்ஸ் கடற்பாசிகளை இம்முறையில் பதித்துப் புத்தகமாக வெளியிடத் தொடங்கினார். பொட்டாசியம் ஃபெரிசயனைடு கரைசலையும் இரும்பு அமோனியம் சிட்ரேட் கரைசலையும் கலந்து நேற்றிரவே மங்கிய விளக்கில் காகிதங்களுக்குப் பூசி இருட்டில் உலர்த்தியிருந்தோம். மேகமூட்டம் இருந்ததால் வெயிலில் பத்து நிமிடத்தில் முடிய வேண்டியது அரை மணி நேரத்துக்குமேல் இழுத்தது. நீரில் அலசியதும் மஞ்சள் கரைந்து நீலம் எழுந்தபோது சிறுவர்கள் தொட்டியைச் சூழ்ந்துகொண்டார்கள். காரத்தன்மை இந்த நீலத்தைக் கெடுக்கும் என்பதால், மற்றக் காகிதங்களுக்கு நாங்கள் பயன்படுத்தும் சுண்ணாம்பு சேர்த்த அட்டையில் இவற்றை வைக்கக் கூடாது என்று ஒவ்வொருவருக்கும் சொல்லி அனுப்பினேன்.

மார்ச் 8, ஞாயிறு

இறக்கும் நாள். வந்தபோது எழுதிய நிலைக்குறிப்போடு ஒவ்வொரு படைப்பையும் ஒப்பிட்டு, கையொப்பம் வாங்கித் திருப்பித் தந்தோம். தெற்குச் சுவரின் மேல்வரிசையில் இருந்த இருவரில் ஒருவர், அடுத்த ஆண்டு தம் ஓவியம் கண்மட்டத்தில் இருக்க வேண்டும் என்று வெளிப்படையாகக் கேட்டார். பதிவேட்டில் அதைக் குறித்துக்கொண்டேன். அவர் கேட்டது சரி. அடுத்த ஆண்டு நடுவே நிறுத்தும் தடுப்புச் சுவர் ஒன்றை இரவல் வாங்கியாவது இரண்டாம் வரிசையைத் தவிர்க்க வேண்டும்.

எண் 41ஐ வரைந்தவர் மதியம் வந்தார். கண்ணாடி, இடக்கை, விளக்கு என்று மூவர் வாதிட்டதைச் சொன்னேன். "அக்காவின் கைகள் அம்மா. அக்கா இடக்கைக்காரி" என்றார். அதைக் கண்டுபிடித்தவர் யார் என்று கேட்டார். தையல்காரர் என்றதும் தலையசைத்தார். சட்டத்தைக் கழற்ற முற்பட்டபோது, கீல்களைப் பிரிக்க வேண்டாம், அட்டையோடேயே கொடுங்கள் என்றார். கொடுத்தோம்.

மாலையில் துளைகளைச் சுண்ணாம்புக் கலவையால் அடைத்தோம். நூல் கட்டிய ஆணிகளை மட்டும் நான்கு சுவர்களின் மூலைகளிலும் 148 சென்டிமீட்டரில் அப்படியே விட்டிருக்கிறேன்.