பிள்ளையார் சாப்பிட்ட ஊர்: திருநாரையூர்

பிள்ளைகளின் படிப்புக்காகப் பொள்ளாப் பிள்ளையாரிடம் வேண்டிக்கொண்டவர்கள், அதை நிறைவேற்றப் போகும்போது அந்தப் பிள்ளையையும் கட்டாயம் கூட்டிக்கொண்டு போங்கள். பரீட்சை, டியூஷன் என்று அவனை வீட்டில் விட்டுவிட்டுப் பெரியவர்கள் மட்டும் போய் அர்ச்சனை செய்துவிட்டு வருவது இந்தத் தலத்துக்குப் பொருந்தாது. இங்கே பிள்ளையாரைப் பேச வைத்ததே ஒரு சிறுவன்தான்.

சிதம்பரத்திலிருந்து காட்டுமன்னார்கோயில் சாலையில், குமராட்சி தாண்டி, சுமார் 18 கி.மீ. பஸ்ஸே போதும். சிதம்பரத்தில் இறங்கியதுமே "நாலு கோயில், ஒரே ரேட்டு" என்று சூழ்ந்துகொள்வார்கள். அந்த வண்டியில் ஏறினால் தீபாராதனை முடிவதற்குள் வெளியே ஹாரன் கேட்கும். சங்கடஹர சதுர்த்தியன்று கூட்டத்தில் குழந்தைக்கு முன்னே நிற்பவர்களின் முதுகுதான் தரிசனமாகும். சாதாரண நாளில், காலை பூஜைக்குப் போய்ச் சேருங்கள். உச்சிகாலம் முடிந்து நடை சாத்திவிட்டால் சாயங்காலம்தான்.

நைவேத்தியத்துக்குக் கொழுக்கட்டை. வீட்டில் செய்ததை ஏற்பார்களா, மடப்பள்ளியில்தான் செய்ய வேண்டுமா என்று குருக்களிடம் முதல் நாளே கேட்டுக்கொள்ளுங்கள். ருசி பார்க்காமல் செய்ய வேண்டியது, அதனால் அளவு சரியாக இருக்க வேண்டும். ஒரு டம்ளர் பச்சரிசி மாவுக்கு ஒன்றேகால் டம்ளர் தண்ணீர், ஒரு சிட்டிகை உப்பு, ஒரு ஸ்பூன் நல்லெண்ணெய். தண்ணீர் தளதளவென்று கொதித்தபின் மாவைப் போட்டுக் கிளறி, மூடி வைத்து, கை பொறுக்கும் சூட்டில் பிசையுங்கள். ஆறவிட்டுப் பிசைந்தால் சொப்பு விரிந்துவிடும். பூரணத்துக்கு ஒரு டம்ளர் தேங்காய்த் துருவல், முக்கால் டம்ளர் வெல்லம். ஈரம் வற்றி உருட்ட வரும்வரை கிளற வேண்டும், இல்லையென்றால் ஆவியில் வேகும்போது இளகிச் சொப்பைக் கிழித்துக்கொண்டு வழியும். வெந்ததும் சூட்டோடு டப்பாவில் மூடாதீர்கள், வேர்த்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். தேங்காய்ப் பூரணம் வெயிலில் மதியத்துக்குள் ஊசிப்போகும், விடியற்காலையில் செய்து அப்படியே கிளம்புவதுதான் வழி.

உளி தொடாத சுயம்பு இந்தப் பொள்ளாப் பிள்ளையார். அபிஷேகம் முடிந்து, அலங்காரம் முடிந்து, திரை போடுவார்கள். உள்ளே மணிச்சத்தம். திரை விலகும்போது பெரியவர்கள் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள், குழந்தையின் கண் மட்டும் தட்டுக்குப் போகும். திரை போடுமுன் எத்தனை கொழுக்கட்டை இருந்தது என்று அது எண்ணி வைத்திருக்கும். அத்தனையும் அப்படியே இருக்கும். "சாமி ஏன் சாப்பிடல?" என்று சத்தமாகவே கேட்டுவிடும். உடனே "உஷ்" என்று வாயைப் பொத்துகிறோம். "கல்லு எப்படிடா சாப்பிடும்" என்று சிரிக்கிற மாமாக்களும் உண்டு. தயவுசெய்து வேறெங்கே சொன்னாலும் அந்தச் சன்னதியில் மட்டும் அதைச் சொல்லாதீர்கள்.

பின்னாளில் தேவாரத்தைத் தொகுத்த நம்பியாண்டார் நம்பி, சிறுவனாக இங்கே கேட்டதும் அதே கேள்விதானே! அப்பா வெளியூர் போயிருந்த நாளில் பூஜை செய்து, அமுது படைத்து, சாப்பிடு என்று கெஞ்சி, அசையாத பிள்ளையாரைப் பார்த்துத் தான்தான் ஏதோ தப்பு செய்துவிட்டோம் என்று கல்லில் தலையை மோதிக்கொண்ட பிள்ளை அவன். "பொறு நம்பி" என்று தடுத்துப் பிள்ளையார் அத்தனையும் உண்டார். பள்ளிக்கு நேரமாகிவிட்டது, வாத்தியார் அடிப்பார், நீயே சொல்லிக்கொடு என்றான். சொல்லியும் கொடுத்தார். வீடு திரும்பிய அப்பா நம்பவில்லை. அவர் அன்றாடம் அந்தப் பிள்ளையாரைத் தொட்டுப் பூஜை செய்த ஆதிசைவர், சிவன் கோயில் குருக்கள் மரபு. அவருக்கே சந்தேகம் வந்தது. யார் சந்தேகப்பட்டாலும் சிறுவன் தன் சொல்லை மாற்றிக்கொள்ளவில்லை, மறுநாளும் அதே நம்பிக்கையோடு படைத்தான்.

அந்தப் பிடிவாதத்துக்கு நாம் எவ்வளவு கடன்பட்டிருக்கிறோம்! வாழைப்பழமும் அவலும் அப்பமும் எள்ளுருண்டையுமாகக் குவித்துக்கொண்டு ராஜராஜ சோழன் இந்தச் சன்னதிக்கு வந்து நின்றது அந்தச் செய்தியைக் கேட்டுத்தான். தேவார ஏடுகள் தில்லையில் பூட்டிய அறையில் இருப்பதை நம்பிக்குச் சொன்னதும் இந்தப் பிள்ளையார்தான். பாடிய மூவரும் வந்தால்தான் திறக்கலாம் என்றார்கள் தில்லையில். மன்னன் மூவர் திருமேனிகளையும் எழுந்தருளச் செய்து திறக்க வைத்தான். உள்ளே புற்று. எண்ணெய் சொரிந்து கரைத்தபோது கரையான் அரித்தது போக மிஞ்சியவைதான், நம்பி தொகுத்துக் கொடுத்து இன்று நாம் ஓதுகிறவை. சம்பந்தரின் மூன்று பதிகங்களும் அப்பரின் இரண்டு பதிகங்களும் இந்த ஊருக்கே கிடைத்திருக்கின்றன. இங்குள்ள சிவன், சௌந்தரேஸ்வரர் சன்னதியில் அவற்றில் ஒன்றையாவது பிள்ளையைச் சொல்ல வையுங்கள். பண் தெரியாவிட்டால் பரவாயில்லை, புத்தகத்தைப் பார்த்து வாசிக்கட்டும்.

நேரம் இருந்தால் அருகிலேயே மேலக்கடம்பூர், தேர் வடிவக் கருவறை. ஓமாம்புலியூரும் பக்கம்தான். ஆனால் குழந்தைக்குப் பசி வந்துவிட்டால் அவற்றை இன்னொரு நாளைக்கு வைத்துக்கொள்ளலாம்.

நம்பி தன் வாத்தியாரான இந்தப் பிள்ளையாருக்கு 20 பாடல்களில் இரட்டைமணிமாலை பாடி வைத்திருக்கிறார், பதினோராம் திருமுறையில் இருக்கிறது. கிளம்புமுன் அதன் முதல் வெண்பாவைப் பிள்ளைக்கு மனப்பாடம் செய்வித்துவிடுங்கள். நெய்தீபமும் அர்ச்சனைச் சீட்டும் அதற்கு அப்புறம்.